வார்ப்புருவைத் தொடுமுன் செய்தவை: ஒரு பழைய வலைப்பதிவின் பழுதுநீக்கம்

பல ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் ஒரு தமிழ் வலைப்பதிவைச் செப்பனிடும் வேலை என்னிடம் வந்தபோது, அதன் உரிமையாளர் கேட்டது புதிய வார்ப்புரு ஒன்றை மட்டுமே. தளம் பழையதாகத் தெரிகிறது, வாசகர் வரத்தும் குறைந்துவிட்டது, தோற்றத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. பழைய பதிவுகளில் கணிசமானவை தேடுபொறிகளுக்குத் தமிழாகவே தெரியவில்லை. வேறு சில, தளத்தின் சொந்தத் தேடுபெட்டியில்கூட அகப்படவில்லை. மற்றவர்கள் தங்கள் தளங்களில் கொடுத்திருந்த சுட்டிகள் பல, 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பில் போய் முடிந்தன. படிக்கவும் தேடவும் முடியாத பதிவுக்குப் புதுச் சட்டை போடுவதில் பயனில்லை என்று சொல்லி, வார்ப்புரு வேலையைக் கடைசிக்குத் தள்ளினேன். அந்த வரிசையில் செய்தவற்றையே இங்கே குறித்துவைக்கிறேன்.

தொடக்க வேலை வழக்கமானதுதான். தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் தரவுத்தளத்தையும் படக்கோப்புகள் இருக்கும் அடைவையும் தனித்தனியே காப்புப் படி எடுத்து, அவற்றைக் கொண்டு என் கணினியில் ஒரு நகல் தளத்தை ஓடவிட்டேன். காப்புப் படி எடுத்ததோடு நில்லாமல், அதிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். இனி வரும் மாற்றங்கள் எல்லாமே முதலில் நகலில் செய்யப்பட்டு, அதன் பிறகே உண்மைத் தளத்துக்குப் போயின.

எழுத்துகளை மீட்டல்

கெட்டுப்போன பதிவுகள் மூன்று வகையாக இருந்தன. மிகப் பழையவை, வேர்ட்பிரஸுக்கு வருமுன் பக்கம் பக்கமாக நிரல்குறிகளைக் கையால் எழுதிய காலத்தில், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் முறையில்) எழுதப்பட்டவை. சில, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டப்பட்டவை. மூன்றாவது வகை, இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் ஒழுங்காக எழுதப்பட்டும், இடையில் ஒருமுறை வழங்கி (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினி) மாற்றப்பட்டபோது சிதைந்தவை.

டிஸ்கியையும் யூனிகோடையும் எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட முடியாது. டிஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கிறது. 'கெ' என்று எழுதினால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் காட்டுவது உலாவியின் பொறுப்பு. ஆகவே மாற்றி நிரல், கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தைப் படிக்கும்வரை அதைக் கையில் வைத்திருந்து, அதற்கு அடுத்தாற்போல் துணைக்கால் வருகிறதா என்றும் பார்த்து, வந்தால் 'கொ' என்றும் இல்லாவிட்டால் 'கெ' என்றும் எழுத வேண்டும். 'க்', 'கு', 'கூ' போன்றவை டிஸ்கியில் ஒரே குறியீடாக இருப்பதால் அவற்றை இரண்டிரண்டாகப் பிரிக்கவும் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகள் இவற்றைச் சரியாகவே செய்கின்றன. ஆனால் பதிவு முழுவதையும் அவற்றில் கொட்டினால், அதிலுள்ள நிரல்குறிகளும் சுட்டிகளும் சேர்ந்து கெடக்கூடும் என்பதால், எழுத்துருக் குறிகளுக்கு உள்ளே இருக்கும் உரையை மட்டும் எடுத்து மாற்றும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக்கொண்டேன்.

அந்த நிரலை ஓட்டிய பிறகும் சில பதிவுகளில் 'இந்த' என்பது 'ந்த' என்றும், 'இல்லை' என்பது 'ல்லை' என்றும் நின்றது. டிஸ்கியில் இகரத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம், மேற்கத்திய குறியாக்கத்தில் மென்கோடு எனப்படும் கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கும் இடம். பதிவுகள் ஒரு தொகுப்பியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தபோது, தேவையற்ற குறி என்று எண்ணி அந்தத் தொகுப்பி அதை நீக்கியிருக்கிறது. போனது போனதுதான், நிரலால் அதை முழுமையாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. சொல்லின் தொடக்கத்தில் மெய்யெழுத்து நிற்கும் இடங்களையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து இகரம் சேர்த்தேன். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்ற இலக்கண விதி, பிழை தேடும் கருவியாகவும் பயன்பட்டது.

பாமினி பதிவுகளுக்கு வேறு கவனம் தேவைப்பட்டது. அந்த எழுத்துரு தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். தேடுபொறியும் அதை அப்படித்தான் படிக்கும். இடையில் உண்மையிலேயே ஆங்கிலச் சொல் வந்தால், மாற்றி அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். இத்தகைய பதிவுகள் குறைவாக இருந்ததால் பத்தி பத்தியாகக் கண்ணால் பார்த்தே மாற்றினேன்.

மூன்றாம் வகையே அதிகம் சோதித்தது. யூனிகோடு உரை யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் எடுக்கும். வழங்கி மாற்றத்தின்போது அந்தப் பைட்டுகளை மேற்கத்திய எழுத்துகள் என்று தவறாகப் படித்து, மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், மேற்குறியிட்ட ஒரு லத்தீன் எழுத்தும் வேறு குறிகளுமாக மூன்றாகத் தெரிந்தது. செய்ததைத் திருப்பிச் செய்தால், அதாவது விண்டோஸ்-1252 என்ற அந்த மேற்கத்திய குறியாக்கமாக எழுதி யூடிஎஃப்-8 ஆகப் படித்தால், உரை மீண்டுவர வேண்டும். கொள்கையளவில் அவ்வளவுதான். ஆனால் விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. தமிழில் மிகுதியாகப் புழங்கும் மெய்ப்புள்ளியின் மூன்றாம் பைட்டும், உகரக் குறியின் மூன்றாம் பைட்டும், ஏகார ஐகார உயிரெழுத்துகளின் மூன்றாம் பைட்டும் சரியாக அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன. புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கற்பனை செய்து பாருங்கள்! பைத்தானின் கண்டிப்பான மாற்றி அந்த இடங்களில் பிழை காட்டி நின்றுவிடும். பிழையைப் பொருட்படுத்தாதே என்று கட்டளையிட்டால், எழுத்துகள் சத்தமில்லாமல் கழன்று விழும்.

தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 'லத்தீன்1' என்று அழைப்பதும் விண்டோஸ்-1252 தான் என்றாலும், அது அந்த ஐந்து இடங்களையும் இழப்பின்றிப் போகவர விடுகிறது. எனவே தரவுத்தளத்துக்கு உள்ளேயே, உரையை லத்தீன்1 ஆக்கி, அதை வெறும் பைனரியாகக் கருதச் செய்து, பிறகு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎலில் முழுமையான யூடிஎஃப்-8-க்கு உள்ள பெயர்) என்று படிக்கச் சொன்னபோது பதிவுகள் முழுமையாக மீண்டன. நல்ல நிலையில் இருந்த பதிவுகளின் மீது இதே கட்டளை ஓடினால் அவை அழிந்துவிடும் என்பதால், ஒரு தமிழ்க் குறியீடுகூட இல்லாத பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுத்தே இதைச் செய்தேன்.

எல்லாம் யூனிகோடான பிறகும் ஒரு படி மிச்சமிருந்தது. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு. 'கொடி' என்று தேடும் வாசகருக்குப் பாதிப் பதிவுகள் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம். யூனிகோடு தரம் வகுத்துள்ள இயல்பாக்க வடிவங்களில் என்எஃப்சி என்பது இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். பதிவுகளின் தலைப்பு, உள்ளடக்கம், குறிச்சொற்கள் மூன்றின் மீதும் அதை ஓட்டினேன்.

ஔகாரத்தை மட்டும் அதனிடம் விட முடியவில்லை. 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வது பரவலான பழக்கம். அது வேறு எழுத்து என்பதால் இயல்பாக்கம் அதைத் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'கெள'வையும் மாற்றினால் 'கெளுத்தி' உருக்குலைந்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிடு என்று விதி சேர்த்தேன். அதன் பிறகும், பேச்சுவழக்கில் எழுதப்பட்ட உரையாடல்களில் 'கெளம்பு', 'வெளக்கு' என்பவை அகப்பட்டுக்கொண்டன. ஆகவே தானியங்கி மாற்றத்தைக் கைவிட்டு, 'கௌரவம்', 'பௌர்ணமி', 'சௌகரியம்', 'வௌவால்' முதலிய சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்து அவற்றை மட்டும் திருத்தினேன்.

முகவரிகள்

வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் தலைப்பிலிருந்தே அதன் முகவரியை உருவாக்குகிறது. அந்த முகவரித் துண்டுக்குத் தரவுத்தளத்தில் 200 எழுத்துகளே இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைட்டு, முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்து. ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்துகள் செலவாகின்றன. 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள், எனவே 45 எழுத்துகள். மொத்தத்தில் 22 குறியீடுகளோடு கதை முடிந்துவிடும். 'மழைநீர் சேகரிப்பு அமைப்பது எப்படி' என்ற தலைப்பின் முகவரி 'மழைநீர்-சேகரிப்பு-அமைப்ப' என்று பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். ஒரே தொடக்கத்தைக் கொண்ட தொடர்பதிவுகளாக இருந்தால், எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசியில் 2, 3 என்ற எண்களால் மட்டுமே வேறுபடும்.

முகவரியைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பதா என்பதில் பதிவர்களிடையே இரு கட்சிகள் உண்டு. வாசகரின் மொழியில் உள்ள சொற்களை முகவரியில் பயன்படுத்தலாம் என்பதே கூகுளின் வழிகாட்டுதல். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழ் அழகாகத் தெரியும் என்பதும் உண்மை. அதையே நகலெடுத்து மின்னஞ்சலிலோ அரட்டையிலோ ஒட்டினால் சதவீதக் குறிகளின் நீண்ட வால் வந்து விழும் என்பதும் உண்மை. இரண்டு சொற்களுக்கு மிகாத தமிழ் முகவரி என்பதே என் தேர்வு; மேற்கண்ட பதிவுக்கு 'மழைநீர்-சேகரிப்பு' போதும். பிழையின்றி வேலை செய்துகொண்டிருந்த முகவரிகளைத் தொடவே இல்லை. சொல் நடுவில் அறுந்தவற்றையும், எண்களால் மட்டும் வேறுபட்டவற்றையும் மாற்றினேன்.

முகவரி மாறினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்று கட்டாயம். பதிவின் முகவரித் துண்டைத் திருத்தினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு தானாகவே வழிமாற்றும். ஆனால் கையால் எழுதிய காலத்துப் பக்கங்களை அது அறியாது. அவற்றுக்கு வழங்கியிலேயே விதிகள் எழுத வேண்டியிருந்தது. இன்று தளத்தில் இல்லாத அந்தப் பழைய முகவரிகள் என்னென்ன என்று அறிய பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினும், 'பக்கம் இல்லை' என்ற பதில்களைக் குறித்துவைக்கும் வழங்கியின் 404 பதிவேடும் உதவின. வழங்கி மென்பொருளான அப்பாச்சி, முகவரியைச் சதவீதக் குறிகளிலிருந்து விடுவித்த பிறகே விதியோடு ஒப்பிடுகிறது என்பதால், விதிகளை நேரடியாகத் தமிழிலேயே எழுத முடிந்தது. இங்கும் மேலே சொன்ன 'கொ' சிக்கல் தலைகாட்டும்: முகவரியில் அது எந்த வடிவில் இருக்கிறதோ அந்தப் பைட்டுகளே விதியிலும் இருக்க வேண்டும். அத்தகைய இடங்களில் இரு வடிவங்களுக்கும் தனித்தனி விதி எழுதினேன்.

வழிதெரியாத பழைய முகவரிகளையெல்லாம் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தேடிவந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். தேடுபொறியும் அதை இல்லாத பக்கமாகவே கணக்கில் கொள்ளும். இணையான பதிவு இருந்தால் அதற்குத் திருப்புவதும், இல்லாவிட்டால் இல்லை என்று நேர்மையாகச் சொல்வதுமே நல்லது. ஒன்றிலிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று சங்கிலியாக நீண்டிருந்த பழைய வழிமாற்றுகளை நேராக இறுதி முகவரிக்கு இணைத்தேன். பதிவுகளுக்குள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளையும் புதிய முகவரிக்கே திருத்தினேன். இதற்குத் தரவுத்தளத்தில் வெறும் சொல்மாற்றுக் கட்டளை கொடுக்கக் கூடாது. செருகுநிரல்கள் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்கள்) தங்கள் அமைப்புகளை உரையின் நீளத்தோடு சேர்த்துச் சேமித்துவைக்கும், நீளம் மாறினால் அவை உடைந்துவிடும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியில் உள்ள தேடி-மாற்று வசதி இதை அறிந்து செயல்படுகிறது.

எடையும் எழுத்துருவும்

வேகத்தை அளக்கக் கூகுள் வைத்திருக்கும் மூன்று அளவுகோல்கள் இப்போது பரவலாக அறிந்தவை: பக்கத்தின் மிகப் பெரிய கூறு 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். சொடுக்கினால் 200 மில்லிவிநாடிக்குள் எதிர்வினை வர வேண்டும். பக்கம் ஏறும்போது கூறுகள் இடம்பெயர்வதை அளக்கும் தளவமைப்பு நகர்வு மதிப்பு 0.1-ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் 75 விழுக்காட்டிலாவது இவை நிறைவேற வேண்டும். நம் தளத்தில் மூன்றாவதுதான் மோசம். படங்களுக்கு அகல உயரம் குறிப்பிடாததும், எழுத்துரு தாமதமாக வந்து சேர்வதும் காரணங்கள்.

படங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அகல உயரம் சேர்த்து, எடை குறைந்த வெப்பி வடிவுக்கு மாற்றி, முதல் திரைக்குக் கீழே இருப்பவற்றுக்குத் தாமத ஏற்றம் (வாசகர் அருகே வரும்போது மட்டும் இறக்குவது) கொடுத்தேன். முதலில் கண்ணில் படும் பெரிய படத்துக்குத் தாமத ஏற்றம் கொடுத்தால் முதல் அளவுகோல் கெடும். அதை மட்டும் விலக்க வேண்டும்.

எழுத்துரு அப்படிப்பட்டதன்று. பழைய வார்ப்புரு மூன்று தமிழ் எழுத்துருக் குடும்பங்களை இயல்பு, தடிமன் என்று இரண்டிரண்டாக இறக்கிக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்குமா என்பதே ஐயமாக இருந்தது. அன்று அது நியாயம். இன்று ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம், விண்டோசில் நிர்மலா என எல்லாவற்றிலும் படிக்கத்தக்க தமிழ் எழுத்துரு உள்ளிணைந்தே வருகிறது. எனவே பதிவின் உடல்பகுதிக்குக் கருவியில் இருக்கும் எழுத்துருவையே விட்டுவிட்டு, தலைப்புகளுக்கு மட்டும் ஒரே ஓர் எழுத்துருவை, வலைக்காகச் சுருக்கிய வோஃப்2 வடிவில் வைத்தேன். அதைச் சிறிதாக்கத் தேவையற்ற எழுத்துகளை நீக்கும்போது, எழுத்துகளை இணைக்கும் விதிகளையும் கருவி நீக்கிவிட்டால் 'கு', 'டூ' போன்றவை உடைந்து தெரியும். 'ஸ்ரீ, க்ஷ, டு, டூ, நூ, கௌ, ணை' என்று ஒரு சோதனை வரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தபிறகே கோப்பை ஏற்றுவது நல்ல பழக்கம்.

வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.7 மடங்காக உயர்த்தினேன். மேல்விலங்கும் கீழே இறங்கும் உகர ஊகாரங்களும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க, ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது. இருபுறமும் சமன்செய்த பத்திகளையும் கைவிட்டேன். கைப்பேசியின் குறுகிய திரையில் நீண்ட தமிழ்ச் சொற்கள் வரிக்கு இரண்டுதான் அமரும், சமன்செய்தால் அவற்றுக்கிடையே பெரும் பள்ளம் விழும்.

தேடலும் வரத்தும்

தளத்துக்குள் தேடும் வேர்ட்பிரஸின் இயல்பு வசதி, கொடுத்த எழுத்துச்சரம் பதிவில் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரங்கள்' என்று எழுதிய பதிவுகள் வராது. முழுமையான சொற்பகுப்பாய்வு ஒரு பதிவுத் தளத்துக்கு மிகை. தேடுசொல் 'அம்' ஓசையில் முடிந்தால் ஈற்று மகரமெய்யை நீக்கியும், 'டு', 'று' என முடிந்தால் ஒற்று இரட்டித்த வடிவையும் சேர்த்துத் தேடும்படி ஒரு சிறு செருகுநிரல் எழுதினேன். 'வீடு' என்றால் 'வீட்ட', 'வீட்டி', 'வீட்டு' என்பவையும் பார்க்கப்படும். 'மர' என்று தேடும்போது 'மரபு', 'மரணம்' ஆகியவையும் வரத்தான் செய்யும். தலைப்பில் சொல் இருக்கும் பதிவுகளை மேலே வரிசைப்படுத்தியதும் அது பெரிய தொல்லையாகத் தோன்றவில்லை. தேடுபெட்டியில் வரும் சொல்லையும் முதலில் என்எஃப்சி ஆக்குவது அவசியம்.

வெளியிலிருந்து வரும் வாசகர் என்ன தேடி வருகிறார் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் கருவி 16 மாதங்கள் வரை சேமித்துக் காட்டுகிறது. அதில் நான் முதலில் பார்ப்பது, முடிவுகளில் அடிக்கடி தோன்றியும் யாரும் சொடுக்காத பதிவுகளை. பெரும்பாலும் அவற்றின் தலைப்பு, கவிதையாகவோ விடுகதையாகவோ இருக்கும். 'ஒரு துளியின் பயணம்' என்பது பழைய வாசகருக்கு இனிக்கலாம். மழைநீர்த் தொட்டியைப் பற்றித் தேடும் புதியவருக்கு அது எதையும் சொல்லாது. உரிமையாளரோடு சிறு வாக்குவாதத்துக்குப் பிறகு, பதிவின் மேலே கவித்துவத் தலைப்பை அப்படியே விட்டு, தேடுபொறிக்குச் செல்லும் தலைப்புக் குறியில் மட்டும் பொருளை நேராக எழுத ஒப்புக்கொண்டோம். ஒரே பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிய பல சிறு பதிவுகளை ஒன்றாக்கி, மற்றவற்றை அதற்கு வழிமாற்றியதும் நல்ல பலன் தந்தது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோரும் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பதிவுக்குள் ஒலிபெயர்ப்புச் சொற்களைத் திணிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. படிப்பவர் கண்ணில் அது குப்பையாகவே படும்.

இத்தனைக்கும் பிறகு வார்ப்புருவை மாற்றும் வேலை சுலபமாக முடிந்தது. ஒழுங்கான தலைப்பு அடுக்குகளும், தமிழ் என்று மொழி குறித்த பக்கமும் இருந்தால், எளிய வார்ப்புரு எதுவும் பொருந்தும். நகலிலிருந்து உண்மைத் தளத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றும்போது ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தொடாமல் விட்டேன். பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் நிலையான அடையாளம் அது. முகவரிபோலத் தோற்றமளித்தாலும் அது முகவரி அன்று. தளத்தின் புதிய பதிவுகளின் பட்டியலான செய்தியோடையைப் படிக்கும் செயலிகள் ஒரு பதிவை ஏற்கெனவே பார்த்ததா என்று முடிவுசெய்வது அதைக் கொண்டுதான். அதை மாற்றியிருந்தால், திருத்திய பழைய பதிவுகளில் ஓடையில் இருப்பவை எல்லாம் புதியவை என்று சந்தாதாரர்களின் செயலிகளில் மறுபடி வந்து குவிந்திருக்கும்.